வளர்த்தி ஊசி

என் ஆசை அம்மாவுக்கு,

முப்பது வருடமாக உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க படுங்க என்றே பழகிய வாய் இது. இந்தக் கடிதத்தில் அந்த 'ங்க' வரமாட்டேன் என்கிறது. அதைக் கெஞ்சிக் கூப்பிட எனக்கும் மனமில்லை. மேலே 'ஆசை' என்று எழுதியதைக்கூட இரண்டு தரம் வெட்டிவிட்டுத்தான் மறுபடி எழுதினேன்.

நேற்று உன் ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. சனம் சாப்பிட்டுப் போய், பந்தலும் கழற்றியாயிற்று. இன்று முன்பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நீ படுத்த அறையில் இருந்து எழுதுகிறேன். உன்னுடைய முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்தோமே, அதில் 'பொய் சொல்லத் தெரியாத தாய்' என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவள் நான்தான். ஊர் முழுக்க வீடு வீடாகக் கொடுத்தோம். இப்போது அந்த வரியை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

எனக்கு இருதய வருத்தம் அம்மா. ஒன்பது வயதிலிருந்தே இருக்கிறது. உனக்கு இது புதினம் இல்லை. எனக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன் தெரியவந்தது.

எனக்குக் கல்யாணம் முடிந்த முதல் மாதமே மிட்வைப் மிஸி நம்முடைய கேற்றடிக்கு வந்தாவே, ஞாபகம் இருக்கிறதா? "புதுசாக் கலியாணம் முடிச்ச ஆக்களுக்குக் கிளினிக் வைக்கிறம். புள்ள தங்கிறதுக்கு முதலே ரெண்டு பேரும் வந்து உடம்பக் காட்ட வேணும்" என்று கடிதமும் கையுமாக நின்றா. நீ என்னை வாய் திறக்க விட்டாயா? "முழுகாம வந்தாப் பிறகு நானே கூட்டிற்று வாறன் மிஸி. வயித்துல ஒண்டும் இல்லாம கிளினிக்குக்குப் போனா ஊர் சிரிக்கும். கண்ணூறும் பட்டிரும்" என்றாய். மிஸி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினா. முழுகாமல் இருக்கிறாள் என்றால்தான் பெண்ணுக்குக் கிளினிக் என்று வாவிக்கு இந்தப் பக்கத்து நம் படுவான்கரைச் சனம் எல்லாம் நினைக்கிறபடிதான் நீயும் நினைக்கிறாய் என்று நான் எண்ணினேன். உனக்கோ பயம் வேறு. கிளினிக்கில் குழாயை எடுத்து என் நெஞ்சில் வைப்பார்கள் என்ற பயம்.

அதிலிருந்து மூன்றாம் மாதம் நீ கிணற்றடியில் விழுந்தாய். அந்த வாரமே போய்விட்டாய். துடக்கு, அந்தியேட்டி, அழுகை என்று நாள் ஓடியது. மிஸி மறுபடி வந்தா, நான் பிறகு வருகிறேன் என்று அனுப்பினேன். மூன்றாம் தரம் வந்தபோது உன் மருமகனையும் வைத்துக்கொண்டு கேட்டா. "தங்கச்சி, நெல் விதைக்க முதல் வயல் வட்டைய உழுது பண்படுத்தாம விதைப்பீங்களா? இது உங்கட உடம்பு" என்றா. வயற்காரனின் மகனுக்கு அது போதும். அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போய் வாங்குப் பலகையில் குந்தினோம்.

அங்கே நடந்ததையெல்லாம் பார்த்திருந்தால் நீயே சிரித்திருப்பாய். என்னைத் தராசில் நிறுத்தார்கள், உயரம் அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பிறகு அளவு நாடாவோடு இவரிடம் வந்தா மிஸி. இடுப்பு முப்பத்தொன்பது அங்குலம். "தம்பி, புள்ளைக்குத் தாய் மட்டும் தயாராகினாப் போதாது. நீங்களும்தான். சிகரெட் எத்தின?" இவர் "ரெண்டு" என்றார். "நாளைக்கா, மணித்தியாலத்துக்கா?" என்று மிஸி கேட்க, வாங்கில் இருந்த பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மஞ்சள் நிறத்தில் சின்னக் குளிசை தந்து, பிள்ளை தங்குகிறதுக்கு முன்னமே இருந்து ஒவ்வொரு நாளும் போட வேண்டும், பிள்ளையின் முள்ளந்தண்டுக்கு நல்லது என்றார்கள். சோற்றோடு தேத்தண்ணி குடிக்காதீங்க, கீரையில் இருக்கிற சத்து உடம்பில் சேராது என்றார்கள். சின்ன வயதில் போட்ட அம்மை ஊசி அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். அம்மாதான் வைத்திருந்தவ, அவ இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது கண் கலங்கியது. உனக்காகக் கலங்கினேன் பார்.

கடைசியாக டொக்டர். காத்தான்குடிப் பக்கத்து இளம் பிள்ளை, என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். குழாயை நெஞ்சில் வைத்தவ, எடுக்கவே இல்லை. மூச்சை இழுங்க, விடுங்க, இடப்பக்கம் சரிஞ்சு படுங்க என்று கால் மணித்தியாலம். என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"சின்ன வயசுல தொண்டை நோ வந்து, மறுகா காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்ததா?"

"ஓம் டொக்டர். ஒம்பது வயசுல. முழங்கால் வீங்கிப் பள்ளிக்குப் போகல்ல."

"மாசா மாசம் ஊசி போட்டாங்களா?"

"ஓம். வளர்த்தி ஊசி போட்டது."

"என்ன ஊசி?"

"வளர்த்தி ஊசி டொக்டர். வளர்றதுக்குப் போடுறது. நான் பெரியபிள்ளை ஆனாப் பிறகு நிப்பாட்டிட்டாங்க."

அந்தப் பிள்ளை பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தா. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்படி ஒரு ஊசி இல்ல அக்கா" என்று மெதுவாகச் சொன்னா. தினமும் இருபது பிள்ளைகளுக்கு இது ஆடு, இது மாடு என்று பெயர் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் இடுப்பில் நாலு வருடம் குத்திய ஊசியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் நானும் நீயும் மட்டும் பேசிய ஒரு சொல்லை ஆஸ்பத்திரி மேசையில் வைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு கெட்டித்தனமாகப் பொய் சொன்னாய் அம்மா! விடியற்காலையில் என்னை எழுப்பிக்கொண்டு பாதைப் படகில் ஏறுவாய். வாவியைக் கடக்க அப்போது நமக்கு இருந்தது அந்த ஒன்றுதானே. சைக்கிளும் ஆட்களும் மாடும் ஒன்றாக நிற்கிற அந்தத் தட்டையான படகில், என்னை உன் சீலைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாய். யாராவது "எங்க காலங்காத்தால?" என்றால் "சும்மா டவுனுக்கு" என்பாய். ஊசி போட்டதும் ஐஸ்பழம் வாங்கித் தருவாய். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கதவு நிலையோடு சாய்த்து நிறுத்திக் கரித்துண்டால் கோடு போடுவாய். "பாத்தியா மனே, எவ்வளவு வளர்ந்திட்டாய்!" நான் துள்ளுவேன். பொய் சொன்னதோடு நில்லாமல் பொய்க்குச் சாட்சியும் சேர்த்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பதின்மூன்று வயதில் நான் பெரியபிள்ளையானேன். தண்ணி வார்த்து, சீலை உடுத்தி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டாய். அன்றைக்கு என் காதுக்குள் சொன்னாய், "நீ வளர்ந்து முடிஞ்சுது மனே. இனி ஊசி இல்ல." வந்த பரிசுகள் எல்லாவற்றையும் விட எனக்கு அதுதான் பெரிய பரிசாக இருந்தது. சந்தோசத்தில் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் சாவுக்கு வழி திறந்துவிட்டவளின் கழுத்தை.

கிளினிக்கில் இருந்து நேராகச் சின்னம்மா வீட்டுக்குத்தான் போனேன். உன் தங்கச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தா. கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்தா. பிறகு உடைந்துவிட்டா.

"அக்காவுக்கு டொக்டர் வடிவாத்தான் சொன்னவர் மனே. இருவது வயசு தாண்டும்வரைக்கும் ஊசிய விடக்கூடாது, விட்டா இருதயத்தப் புடிக்கும் எண்டு. அவதான் கேக்கல்ல. குமராகின புள்ளைய மாசா மாசம் இருதயக் கிளினிக்குக்கு ஏத்தி இறக்கினா எந்த மாப்பிள வருவான் எண்டு கேட்டா. அப்பன் இல்லாத புள்ள வேற. கிளினிக் கொப்பிய அடுப்புல வச்சவ. நான் பாத்துட்டு நிண்டனான்."

"பாத்துட்டு நிண்டீங்க?"

"என்ன செய்யச் சொல்றாய்? உன்ட கொம்மாவ எதிர்த்துக் கதைக்க ஆரால ஏலும்?"

அடுப்பில் வைத்தாயாம். நெருப்பில் போட்டால் வருத்தம் போய்விடும் என்றா நினைத்தாய்? கொப்பிதானே எரிந்தது. வருத்தம் எனக்குள்தான் இருந்தது. நான் உயர்தரம் படிக்கும்போதும், முன்பள்ளியில் பிள்ளைகளோடு ஓடும்போதும், மணவறையில் இருக்கும்போதும்.

இன்னொன்று கேட்கிறேன், பதில் சொல்லு. எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நான் சொன்ன ஒவ்வொரு தரமும் நீ என்ன சொன்னாய்? "சோம்பேறி." கோயில் வீதியில் மற்றப் பிள்ளைகள் ஓட நான் குந்திவிட்டால், "இவளுக்கு உடம்பு வளையாது" என்று நாலு பேருக்கு முன்னால் சிரிப்பாய். ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒரு குடம் தண்ணி தூக்க விடமாட்டாய். உரல் தொட விடமாட்டாய். "தள்ளு, நீ செய்தா விளங்கின மாதிரித்தான்" என்று பறித்து நீயே செய்வாய். நான் உண்மையாகவே சோம்பேறி என்று நினைத்துத்தான் வளர்ந்தேன் அம்மா. இருபது வருடம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. என் உடம்பைக் காப்பாற்ற உனக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

உன் மருமகனிடம் அன்று பின்னேரமே சொன்னேன். மனிசன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உனக்கு முதலே தெரியுமா?" நான் தெரியாது என்றேன். தலையாட்டினார். இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்னை நம்புவதா விடுவதா என்று அந்த மனிசன் கிடந்து யோசித்த இரண்டு நாள் இருக்கிறதே, அது நீ எனக்குத் தந்த சீதனம். வீடும் வளவும் எழுதித் தந்தாய், சரி. கூடவே இதையும் எழுதித் தந்திருக்கிறாய். மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்து, "டவுனுக்கு எப்ப போகவேணும்?" என்று கேட்டார். சிகரெட்டையும் அன்றைக்கே விட்டார். அவருக்கு இருக்கிற நேர்மையில் கால்வாசி உனக்கு இருந்திருக்கக் கூடாதா?

டவுன் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு தடித்து ஒடுங்கிப்போய் இருக்கிறதாம். இருதய டொக்டர் கடதாசியில் ஒரு கதவு கீறி, "இது முழுசாத் திறக்க வேணும், உங்களுக்குப் பாதிதான் திறக்குது" என்றார். வயிற்றில் பிள்ளை வந்தால் இரத்தம் கூடும், இந்தக் கதவால் அவ்வளவும் போகாது, திரும்பிச் சுவாசப்பைக்குள் நிறையும். ஏழாம் எட்டாம் மாதத்தில் மூச்சுத் திணறி வந்து, தாயும் பிள்ளையும் போன கதையெல்லாம் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். "இந்த ஒரு வருசம் உங்களுக்குப் புள்ள தங்காதது நல்ல காலம்" என்றார். நான் ஒவ்வொரு மாதமும் தலைக்கு முழுகும்போது கிணற்றடியில் அழுத அழுகை எனக்குத் தெரியும். அது நல்ல காலமாம்.

இப்போதைக்குப் பிள்ளை கூடாது, அதற்கு வழி மிஸி சொல்லித் தந்திருக்கிறா. மாதாந்த ஊசி மறுபடி தொடங்கியாயிற்று, முப்பது வயதில். பிறகு ஒரு நாள் தொடை இரத்தக்குழாய் வழியாகச் சின்ன பலூன் விட்டு அந்த வால்வை விரிப்பார்கள். நன்றாக விரிந்தால், ஆறேழு மாதம் பார்த்துவிட்டு, பெறலாமா என்று சொல்வார்கள். விரியாவிட்டால் அந்தக் கதையே இல்லை. இவ்வளவும் ஒரு வாவியைக் கடந்து மாதம் ஒரு ஊசி போட்டிருந்தால் வந்திராது.

சின்னம்மா திவசத்துக்கு முதல் நாள் வந்து என் கையைப் பிடித்தா. அவவுடைய மகள் தர்சினிக்குச் சித்தாண்டியில் சம்பந்தம் பேசி வைத்திருக்கிறது. "உனக்குக் கலியாணம் முடிஞ்சுது மனே, என்ட புள்ளைக்கு இன்னும் முடியல்ல. சித்தாண்டி ஆக்களும் நாளைக்கு வருவாங்க. அவங்கட முன்னால இருதயம், வால்வு எண்டு வாய் திறந்திராத. பரம்பரை வருத்தம் எண்டு பயந்திருவாங்க" என்று அழுதா. குரல்கூட உன்னுடையது போலவே இருந்தது. தலையாட்டி அனுப்பினேன். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன் அம்மா, சத்தியமாக.

நேற்றுப் படையல் முடிந்து பெண்களெல்லாம் இலை போட்டுக்கொண்டிருந்தோம். உன் ஒன்றுவிட்ட மச்சாள் என் வயிற்றைத் தடவி, "ஏதும் விசேசம் இரிக்கா புள்ள?" என்றா. இல்லை மாமி என்றேன். "கவலப்படாத கா. ஆட்டை முடிஞ்சுதுதானே. கொம்மாவே உன்ட வயித்துல வந்து புறப்பா" என்றா. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். எனக்கு அந்த இடத்தில் பொறுமை போய்விட்டது.

"அவவுக்கு இப்ப இஞ்ச வர ஏலாது மாமி" என்றேன். "வந்தா நானும் சாவன், அவவும் சாவா. எனக்கு இருதய வருத்தம். ஒம்பது வயசுல வந்தது. அம்மா ஊசிய நிப்பாட்டினதால வால்வு ஒடுங்கிப்போச்சு."

சின்னம்மா சுவரோடு சாய்ந்துவிட்டா. சித்தாண்டி மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் வாய் திறந்தா. "அது பரம்பரையா வாறதா புள்ள?" இல்லை, தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டால் வருவது, ஊசி போட்டால் காக்கலாம் என்று முன்பள்ளியில் படிப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. சோறு போட்டுச் சாப்பிட்டா. போகும்போது மட்டும் சின்னம்மாவிடம் "பிறகு கதைப்பம்" என்றுவிட்டுப் போனா. அந்தப் 'பிறகு'க்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாது.

பின்னேரம் தர்சினி பானை கழுவிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "நீ சொன்னது சரிதான் அக்கா. ஆனா என்ட கலியாணம் முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாம்தானே." அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், பதின்மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக நின்ற உன் நிலைமை எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதற்காகவும் உன்மேல்தான் கோபம் வருகிறது. உன்னை முழுசாக வெறுத்துவிட்டுப் போகக்கூட விடமாட்டாயா?

மன்னித்துவிட்டாயா என்று இவர் கேட்கிறார். இல்லை என்றேன். மன்னிக்கிறதுக்கு முதல் நீ என் முன்னால் இருந்து, ஓம் மனே, நான் பொய் சொன்னன் என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். நீ சொல்லப்போவதில்லை. கேட்கிற எனக்கும் ஆறப்போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

பலூன் வைக்க நாள் தந்திருக்கிறார்கள், அடுத்த மாதம். பயமாகத்தான் இருக்கிறது. அதற்கு முதல் உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். வால்வு திறந்தால் பெறுவேன். திறக்காவிட்டால் பெறமாட்டேன். ஊர் மலடி என்று சொல்லட்டும், கோயிலில் ஒதுக்கட்டும், நீ ஆவியாக வந்து நின்று அழு, பெறமாட்டேன். இரண்டில் எது நடந்தாலும் நான் உயிரோடு இருப்பேன் அம்மா. அந்த ஒன்றைத்தான் நீ எனக்காக ஆசைப்பட மறந்துபோனாய்.

இப்படிக்கு,
கோபம் தீராத, செத்துப்போகாத,
உன் ஒரே மகள்
சுகிர்தா